விசிறி இழந்த படகு

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோருக்கு நீர் என்றால் ஓடை, பீலி, அருவி என்பனவே முதலில் நினைவுக்கு வரும். படகும் அதனை ஓட்டும் இயந்திரமும் அவர்களுடைய அன்றாட வாழ்வுக்கு அப்பாற்பட்டவை எனத் தோன்றுவது இயல்பு. ஆயினும் இத்தோற்றம் முற்றிலும் உண்மையன்று.

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பெய்யும் மழை, தேயிலைச் செடிகளின் வேரை நனைத்து, தொழிலாளர் வெட்டிய கான்களின் வழியே ஓடி, ஓடைகளாகி, ஆறாகிக் கிழக்கே இறங்குகின்றது. அவ்வாற்றைக் கல்லோயா என்பர். தமிழில் பட்டிப்பளை ஆறு என்னும் பெயரும் உண்டு. அதனை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை 1949 ஆம் ஆண்டில் தொடங்கி, 1950 களின் முற்பகுதியில் நிறைவேறியது. இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்காவின் பெயரால் சேனாநாயக்க சமுத்திரம் என்று வழங்கும் அந்நீர்த்தேக்கம் சுமார் 95 கோடி கன மீற்றர் நீரைக் கொள்ளவல்லது. அதனைச் சூழ்ந்த கல்லோயா தேசிய வனம் 1954 இல் அமைக்கப்பட்டது. ஊவாவைச் சேர்ந்த மொனராகலை மாவட்டத்தையும், கிழக்கிலங்கையைச் சேர்ந்த அம்பாறை மாவட்டத்தையும் அது தழுவிக் கிடக்கின்றது. தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும் யானைகளைப் படகிலிருந்து காண்பதற்கு அங்கே மக்கள் செல்கின்றனர். இதுவன்றி, பதுளை மாவட்டத்துக்குள்ளேயே மகியங்கனைக்கு அருகில் பழைய சொரபொர வாவி உண்டு. உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்கள் உண்டு. மாவட்ட எல்லைப்புறத்தில் 1986 இல் நிறைவுற்ற ரந்தெனிகலை உண்டு. கடலில்லாத மாகாணத்துக்கு மனிதர் சமைத்த கடல்கள் இவை.

ஆகவே, தோட்டத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை சுற்றுலாச் செல்லும் குடும்பமோ, ஆசிரியரோடு செல்லும் மாணவர் கூட்டமோ ஒருநாள் மோட்டார் படகில் ஏறி அமர்தல் நிகழக்கூடியதே. அவர்களிற் பெரும்பாலோர் நீந்தப் பழகாதவர். கரை கண்ணுக்கெட்டிய தூரத்திலே ஒரு கோடுபோல் தெரியும் நடுவாவியில் இயந்திரம் ஓலமிட, படகோ நகராமல் நின்றுவிடுமாயின் யாது செய்வது? இயந்திரம் பழுதுபடவில்லை, எண்ணெய் தீரவில்லை, நீருக்கடியில் சுழல வேண்டிய விசிறி கழன்று போய்விட்டது. படகோட்டிகளுக்கு இது புதிய துன்பமன்று. அது ஏன் நிகழ்கின்றது, நிகழ்ந்தால் செய்யத்தக்கது என்ன, நிகழாமற் காப்பது எவ்வாறு என்பன அறிந்துகொள்ளத்தக்கவை.

முதலில் அவ்விசிறி யாது என்று காண்போம். எந்திரக்காரர் அதனைப் புரொப்பெல்லர் என்பர். தேயிலைத் தொழிற்சாலையிலே பச்சைக் கொழுந்தை வாட்டுமிடத்தில் பெரிய விசிறிகள் சுழன்று காற்றைத் தள்ளுவதைத் தோட்டத்து மக்கள் அனைவரும் கண்டிருப்பர். விசிறி காற்றை ஒரு திசையில் தள்ளும்போது, காற்றும் விசிறியை எதிர்த்திசையில் தள்ளுகின்றது. விசிறி தரையில் முடுக்கப்பட்டிருப்பதால் அது நகர்வதில்லை. அதே விசிறியைச் சிறிதாக்கி, இதழ்களைத் தடிப்பாக்கி, நீருக்குள் அமைத்துப் படகோடு பிணைத்துவிட்டால், அது நீரைப் பின்னே தள்ளும். நீர் படகை முன்னே தள்ளும். மோட்டார் படகின் தத்துவம் இவ்வளவே.

இதழ்கள் சாய்வாக அமைந்திருப்பதே இதிலுள்ள நுட்பம். மரத்துக்குள் திருகாணி இறங்குவதுபோல விசிறி நீருக்குள் திருகிச் செல்கின்றது. ஒருமுறை சுழன்றால் எத்துணைத் தூரம் முன்னேறும் என்னும் கணக்கினை அதன் புரியளவு எனலாம். புரியளவு 13 அங்குலமான விசிறி நிமிடத்துக்கு 2,500 முறை சுழன்றால், ஏட்டுக் கணக்கின்படி படகு மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் செல்ல வேண்டும். ஆனால் நீர் மரத்தைப் போல் உறுதியானதன்று, அது நழுவும். நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை நழுவலிற் கழிந்துபோக, எஞ்சியதே படகின் வேகமாகும்.

இத்திருகு விசிறியின் வரலாற்றிலேயே, இழந்ததனால் வந்த பேறு ஒன்று பதிவாகியுள்ளது. பிரான்சிஸ் பெற்றிற் சிமித் என்னும் ஆங்கிலேயர் 1836 ஆம் ஆண்டில் திருகு விசிறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டில் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் யோன் எரிக்சனும் தம்முடைய அமைப்பொன்றுக்கு உரிமை பெற்றார். சிமித் அமைத்த மர விசிறி, உண்மைத் திருகாணியைப் போலவே இரு சுற்றுக்கள் கொண்ட நீண்ட புரியாக இருந்தது. 1837 இல் இலண்டன் கால்வாயொன்றில் ஓடிக்கொண்டிருந்தபோது, அது எதிலோ மோதிப் பாதி முறிந்து வீழ்ந்தது. படகு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள், அது முன்னைவிட விரைந்து செல்லக் கண்டு வியந்தனர். நீண்ட புரி வேண்டியதில்லை, குறுகிய இதழ்களே போதும் என்னும் உண்மை அந்த முறிவினாலே புலனாயிற்று.

எல்லா முறிவும் இத்தகைய நற்பேற்றைத் தருவதில்லை. 1843 இல் நீரில் இறக்கப்பட்ட கிரேட் பிரிட்டன் என்னும் பெரிய இரும்புக் கப்பல், திருகு விசிறியால் அத்திலாந்திக் மாக்கடலைக் கடந்த கப்பல்களுள் முன்னோடியாகும். 1845 இல் தன் இரண்டாம் பயணத்திலே நியூயோர்க்கிலிருந்து திரும்புகையில் அது விசிறியின் இதழ்களை இழந்தது. ஆயினும் பயணிகள் பத்திரமாகக் கரை சேர்ந்தனர். காரணம் எளியது: அக்கப்பலில் பாய்மரங்களும் இருந்தன. இயந்திரம் கைவிட்டால் வேறொன்று கைகொடுக்க வேண்டும் என்று எண்ணி அமைத்தவர்கள் அதனை அமைத்திருந்தனர். இவ்வுண்மை இங்கினியாகலையிலே மிதக்கும் சிறு படகுக்கும் பொருந்தும்.

நார்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றத்தக்க சிறு மோட்டாரை 1909 அளவில் விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்று நீர்த்தேக்கங்களிற் காணும் அவுட்போர்ட் மோட்டார், அதாவது வெளியிணைப்பு இயந்திரம், அவ்வழியில் வளர்ந்ததே. அதன் தலை நீருக்கு மேலும், கால் நீருக்குக் கீழும் இருக்கும். காலின் நுனியில், பற்சக்கரப் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டிலே விசிறி செருகப்பட்டுள்ளது. தண்டின் முனையில் ஒரு நட் அதனைப் பிடித்து நிற்கின்றது. அந்த நட் தானே கழன்று விடாதபடி, அதன் குறுக்கே ஒரு சிறு பிளவாணி செருகப்பட்டு, இரு முனையும் விரித்து மடக்கப்படுகின்றது. இதனைக் கொட்டர் பின் என்று கடைகளிற் கேட்டு வாங்கலாம். பெரிய இயந்திரமும், படகும், அதிலுள்ளோர் உயிரும் ஈர்க்குப் போன்ற இந்த ஆணியை நம்பியே செல்கின்றன.

சிறிய இயந்திரங்களில் வேறோர் ஆணியும் உண்டு. அது தண்டையும் விசிறியையும் குறுக்கே இணைப்பது. ஷியர் பின் என்பது அதன் பெயர். அறுபடும் ஆணி என்று தமிழில் உரைக்கலாம். அறுபடுவதற்கென்றே அமைந்த ஆணி அது. விசிறி பாறையிலோ கட்டையிலோ மோதும்போது அந்த அதிர்ச்சி தண்டின் வழியே பற்சக்கரங்களுக்கு ஏறுமாயின் அவை நொறுங்கும். அங்ஙனம் நேராவண்ணம் மெல்லிய ஆணி தான் அறுந்து, விலைமிக்க பற்சக்கரங்களைக் காக்கின்றது. வீட்டு மின்சாரத்தில் பியூஸ் கம்பி செய்யும் தொண்டினையே படகில் இது செய்கின்றது. பெரிய இயந்திரங்களில் ஆணிக்குப் பதிலாக விசிறியின் குடத்துக்குள் றப்பர் உறை ஒன்று அமுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். மோதல் ஏற்பட்டால் அது நழுவி அதிர்ச்சியை ஏற்கும்.

இனி, கல்லோயாப் பகுதியில் விசிறிகளுக்கு வரும் ஆபத்து எத்தகையது என்று நோக்குவோம். நீர்த்தேக்கம் அமைந்தபோது பள்ளத்தாக்கிலிருந்த காடு நீரில் மூழ்கியது. எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் பட்ட மரங்கள் பல நீருக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் அமர்ந்து சிறகு உலர்த்துகின்றன. காண்பதற்கு அழகானவை, கண்ணுக்குத் தெரிவதால் விலகிச் செல்லவும் கூடியவை. தெரியாத மரங்களே கொடியவை. மரம் உளுப்பதற்கு நீரும் காற்றும் ஒருங்கே வேண்டும். ஆழத்தில் காற்று எட்டாமையால் அடிமரம் நெடுங்காலம் கெடாது கிடக்கும். நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியோ நனைந்தும் காய்ந்தும் விரைவில் உளுத்து முறியும். ஆகவே மேலே ஒன்றும் தெரியாது. கீழே உறுதியான முளை நிற்கும்.

அந்த முளை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். வடகீழ்ப் பருவக்காற்று மழையால் நீர்த்தேக்கம் ஆண்டின் தொடக்கத்தில் நிறைகின்றது. பின்னர் வயல்களுக்கு நீர் திறந்து விடவும், வெயில் உறிஞ்சவும், மட்டம் இறங்கிக்கொண்டே போகும். பெப்ரவரியில் ஆறடி ஆழத்திலிருந்த முளை ஓகஸ்டில் விசிறிக்கு எட்டும் நிலைக்கு வந்துவிடலாம். சென்ற முறை இதே வழியில் துன்பமின்றிச் சென்றோம் என்னும் எண்ணம் படகோட்டியை ஏமாற்றுவது இதனாலேதான்.

அக்காலத்திலேயே காற்றும் எழுகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை மத்திய மலைகளைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று, மழையை மறுபுறத்தில் உதிர்த்துவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாவில் வீசுகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்த மணம் இவ்வறண்ட காற்றினால் விளைவதே என்பதைத் தோட்டத்தவர் அறிவர். அதே காற்று கீழே இறங்கிக் கிழக்குச் சமவெளியை அடையும்போது கச்சான் காற்று என்று பெயர் பெறுகின்றது. மலையிலே மணம் சேர்க்கும் காற்று, வாவியிலே அலையெழுப்பி, விசிறி இழந்த படகினைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போகும்.

நீர்த்தாவரங்களும் இடர் விளைப்பனவே. ஆகாயத் தாமரை 1905 அளவில் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகளுள் பெருந்தொல்லையாகி, 1909 இல் அதனை ஒழிப்பதற்கென்றே சட்டம் இயற்றப்பட வேண்டியதாயிற்று. 1939 இல் ஆராய்ச்சிக்கெனக் கொணர்ந்த சால்வீனியாவும் அவ்வாறே நாடெங்கும் பரவிற்று. இவற்றின் தண்டும் வேரும், கைவிடப்பட்ட மீன்வலையின் நைலோன் இழையும் விசிறியிற் சுற்றிக்கொள்ளும். நைலோன் இழை குடத்துக்குள் நுழைந்து தண்டினைச் சுற்றினால், பற்சக்கரப் பெட்டியின் அடைப்பினை அறுத்துவிடும். நீர் உட்புகுந்து எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதுவே அடையாளம்.

படகு நடுவாவியிற் செல்லுங்கால் ஒரு மோதல் கேட்கின்றது. அல்லது மோதலே இன்றி இயந்திரத்தின் ஒலி திடீரென உயர்ந்து, படகின் வேகம் குன்றுகின்றது என்று கொள்வோம். முதற் கடமை இயந்திரத்தை உடனே நிறுத்துதல். சுமையில்லாத இயந்திரம் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடித் தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும். அதைக் காட்டிலும் முக்கியமானது, என்ன நேர்ந்தது என்று அறியாத நிலையில் நீருக்குள் சுழலும் எதுவும் ஆபத்தானது என்பதாகும்.

இரண்டாவது கடமை நங்கூரம் இடுதல். பலர் இதனை மறந்துவிட்டு நேரே இயந்திரத்தைக் கிளறத் தொடங்குவர். அவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் சிறு பொழுதில் காற்று படகை முளைகளின் நடுவே கொண்டுபோய்ச் சேர்க்கும். நங்கூரத்தை முன்னணியத்திலிருந்து இறக்க வேண்டும். பின்புறத்திற் கட்டினால் அலை உள்ளே புகும். கயிறு நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கேனும் நீண்டிருத்தல் நன்று. பள்ளத்தாக்கின் ஆழத்தில் நங்கூரம் தரை தொடாவிடின், வாளியொன்றைக் கயிற்றிற் கட்டி முன்புறத்திலிருந்து நீரில் விடலாம். அது நிறைந்து இழுபட்டு, படகின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, அது மிதந்து போகும் வேகத்தையும் குறைக்கும். பட்ட மரமொன்று அருகிலிருப்பின் அதிற் கயிற்றைக் கட்டுவதும் உண்டு; ஆனால் உளுத்த கொம்பு முறிந்து விழக்கூடிய இடத்தில் நிற்றல் ஆகாது.

மூன்றாவது, படகிலுள்ளோர் அனைவரும் இருந்த இடத்திலேயே அமர்ந்திருத்தல். என்ன நேர்ந்தது என்று காண எல்லோரும் பின்புறத்துக்கு எழுந்து வருவதே விசிறி இழந்ததனினும் பெரிய ஆபத்து. விசிறி போனால் படகு நிற்கும். ஆட்கள் ஒருபுறம் சேர்ந்தால் படகு கவிழும். உயிர்காப்பு அங்கியை அணியாதிருப்போர் அப்போதாவது அணிய வேண்டும். யாரும் நீரில் இறங்கலாகாது. அந்நீரில் முதலைகள் உண்டு. அடியில் கூரிய முளைகளும் உண்டு.

இவை மூன்றும் ஆன பிறகே இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். சாவியை அல்லது நிறுத்துக் கயிற்றை எடுத்துவிட்டு, இயந்திரத்தின் காலை நீருக்கு மேலே சாய்த்துத் தூக்கினால் உண்மை தெரியும். விசிறி இருந்து, கொடியோ வலையோ சுற்றியிருப்பின், கத்தியால் வெட்டி எடுத்தலே போதும். விசிறி இருந்து, கியர் பொருந்திய நிலையிலும் அது கைக்கு இருபுறமும் தடையின்றிச் சுழலுமாயின், அறுபடும் ஆணி அறுந்துள்ளது. வேறோர் ஆணி கைவசம் இருந்தால் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். இல்லையெனில், பித்தளை போன்ற மெதுவான உலோகத் துண்டொன்றைத் தற்காலிகமாகச் செருகி, மிக மெதுவாகக் கரைக்கு வரலாம். உருக்கு ஆணியைச் செருகுதல் கூடாது. பியூஸ் போனதென்று தடித்த கம்பியைச் சுற்றுவோர் வீட்டையே தீக்கிரையாக்குவதுபோல, உருக்கு ஆணியைச் செருகுவோர் அடுத்த மோதலில் பற்சக்கரப் பெட்டியையே இழப்பர்.

விசிறி உறுதியாக நிற்கின்றது. மெதுவாக ஓட்டினால் படகு செல்கின்றது. வேகம் கூட்டினால் இயந்திரம் மட்டும் ஓலமிடுகின்றது என்றால், குடத்தின் றப்பர் உறை நழுவுகின்றது. உள்வளையத்துக்கும் வெளிக்குடத்துக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி ஓட்டிப் பார்த்தால், கோடு இரண்டாகப் பிரிந்து நிற்பதால் இதனை உறுதி செய்யலாம். இத்தகைய நிலையிலும், ஓர் இதழ் முறிந்து படகு நடுங்கும் நிலையிலும், குறைந்த வேகத்தில் கரை சேர்வதே அறிவு.

விசிறி முழுவதுமே இல்லை, தண்டு மட்டும் வெறுமையாக நிற்கின்றது என்றால், நட் கழன்றதே பெரும்பாலும் காரணம். நட் கழன்றமைக்குக் காரணம், பிளவாணி இல்லாதிருந்தமை அல்லது பழைய ஆணியை நிமிர்த்தி மீண்டும் இட்டமை. இந்நிலையில் மாற்று விசிறியும் மாற்று நட்டும் படகில் இருந்தாலன்றி இயந்திரத்தால் பயனில்லை. அப்போது கைகொடுப்பவை இரண்டு: துடுப்பு, குரல். காற்று அனுகூலமாயின் அருகிலுள்ள கரையை நோக்கித் துடுப்பு வலிக்கலாம். புறப்பட்ட துறையையே நாட வேண்டியதில்லை. ஆனால் காட்டுக்கரையில் இறங்கி நடத்தல் தகாது. யானை உலவும் இடம் அது. தொலைபேசி பயன்படுமாயின் துறையில் இருப்போரை அழைக்க வேண்டும். இல்லையேல் ஊதல் ஊதலாம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டுவது, 1972 இன் பன்னாட்டுக் கடல் விதிகளில் ஏற்கப்பட்ட அபாய அடையாளமாகும். தலைக்கு மேலே கை வீசினால் வாழ்த்துச் சொல்வதாகக் கருதி எதிர்ப்படகினர் சிரித்துக்கொண்டு போய்விடக்கூடும்.

விழுந்த விசிறியை மீட்க இயலுமா? ஆழம் குறைந்த இடமாயின் இயலும். ஆனால் இடத்தைக் குறித்துக்கொள்ளுதல் முதல் வேலை. கல் கட்டிய கயிற்றில் மிதவையொன்றை அவ்விடத்தே இடலாம். அத்துடன், கரையிலே ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேரில் தெரியும் இரு பொருள்களை, ஒரு மரத்தையும் அதன் பின்னுள்ள குன்றின் முனையையும் போன்று, குறித்துக்கொள்ள வேண்டும். வேறொரு திசையிலும் அவ்வாறே இரு பொருள்களைக் குறிக்க வேண்டும். இவ்விரு நேர்க்கோடுகளும் வெட்டும் இடமே விசிறி கிடக்கும் இடம். கடலில் மீனவர் தம் மீன்பாரை மீண்டும் காண்பது இம்முறையாலேயே. காந்தத்தைக் கயிற்றிற் கட்டித் தேடுவோர் உண்டு. ஆயின் அலுமினியமும் வெண்கலமும் காந்தத்துக்கு இசையா. கொக்கி கொண்டு தேடுதல் ஓரளவு பயன்தரும். கிடைக்கவில்லையாயின் பொறுத்திருக்கலாம்; வறட்சியில் நீர் இறங்கும்போது குறித்து வைத்த இடம் சேறாக வெளிப்படவும் கூடும். விசிறியின் விலைக்காக ஒருவரை ஆழத்தில் மூழ்கச் செய்தல் எவ்வாற்றானும் தகாது.

புதிய விசிறி வாங்குவோர் விட்டமும் புரியளவும் அறிந்து வாங்க வேண்டும். பழைய விசிறியின் குடத்தில் அவை எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். விசிறி தொலைந்தபின் எண்ணைத் தேட இயலாது; ஆதலின் அது இருக்கும்போதே குறித்து வைத்தல் முறை. புரியளவு மிகுந்தால் இயந்திரம் மூச்சுத் திணறும். குறைந்தால் வீணே விரைந்து சுழலும். தண்டிலுள்ள பல்வரிகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். துருவேறா உருக்கு விசிறி நெடுநாள் உழைக்கும். அலுமினிய விசிறி எளிதில் வளையும். எனினும் முளைகள் நிறைந்த நீரில் அலுமினியமே ஏற்றது. அது வளைந்து தான் கெட்டுப் பற்சக்கரங்களைக் காக்கும். உருக்கோ வளையாது நின்று அதிர்ச்சியை உள்ளே அனுப்பும்.

பொருத்தும் முறையும் எளிதே. தண்டிலே நீருக்குரிய கிரீஸ் பூசி, உந்துவாசர் என்னும் வளையத்தை முதலில் இட்டு, விசிறியைச் செருகி, வெளி வாசரும் நட்டும் இட்டு இறுக்க வேண்டும். இறுக்கும்போது விசிறி சுழலாதிருக்க, இதழுக்கும் அதன் மேலுள்ள தட்டுக்கும் இடையே மரத்துண்டொன்றைச் செருகலாம். இறுதியாகப் புதிய பிளவாணி. முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டினை மீண்டும் சோதித்தல் வேண்டும். வாசரின் வரிசை மாறினும், உந்துவாசர் விடுபடினும், விசிறி பெட்டியோடு உராய்ந்து அதனைத் தேய்க்கும்.

இவற்றையெல்லாம் அறிதல் படகோட்டியின் கடமை. பயணியின் கடமை யாது? படகில் ஏறுமுன் கேட்க வேண்டியதைக் கேட்பதே. பள்ளிக்கூடத்திலும் ஆசுப்பத்திரியிலும் அலுவலகத்திலும் கேள்வி கேட்கத் தயங்கிப் பழகிய எளிய மக்கள் படகுத் துறையிலும் தயங்குவர். பணத்தைக் கொடுத்துவிட்டு, காட்டிய இடத்தில் அமர்வர். கூட்டத்திலுள்ள பாட்டி ஒருத்தி, “தம்பி, துடுப்பு எங்கேப்பா?” என்று கேட்டுவிட்டால், மோட்டார் படகுக்குத் துடுப்பு எதற்கு என்று பேரப்பிள்ளைகள் நகைப்பர். நகைக்கத்தக்க வினா அன்று அது. கிரேட் பிரிட்டன் கப்பலுக்குப் பாய்மரம் எதற்கோ, அதற்கே இப்படகுக்குத் துடுப்பும்.

ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கி உண்டா? துடுப்பும் நங்கூரக் கயிறும் உண்டா? மாற்று விசிறியும் ஆணிகளும் உண்டா? இம்மூன்று வினாவுக்கும் உண்டு என்று பொருளைக் காட்டி விடை கூறும் படகிலே மகிழ்ச்சியோடு ஏறலாம். இல்லையெனில் கரையிலிருந்தே யானையைக் கண்டு திரும்புதல் நன்று. பட்டிப்பளை ஆறு பதுளை மலையிலிருந்து இறங்கிய நீர். தோட்டத்து மக்கள் அதற்கு அந்நியர் அல்லர். அந்நீரின் மேற் செல்லும்போது, தம் உயிர் எந்தச் சிற்றாணியை நம்பி நிற்கின்றது என்று கேட்டறிய அவர்களுக்கு முழு உரிமை உண்டு.